நூலின்பம் ஊட்டிய அன்னை சாவித்திரிபாய் பூலே

எழுத்தறிவு வேறு, எழுத்தின்பம் வேறு. கையொப்பம் இடத் தெரிந்தவர் அனைவரும் கற்றவர் ஆகார். பாடநூலை நெட்டுருச் செய்து தேர்வில் வென்றவர் அனைவரும் நூலை நேசிப்பவர் ஆகார். எவரும் ஏவாமலே ஒரு குழந்தை ஒரு நூலை எடுத்துப் பிரிக்கின்ற நாளும், தன் உள்ளத்தில் உள்ளதைத் தன் சொல்லாலேயே எழுதிக் காட்டுகின்ற நாளும் எவையோ, அவையே அக்குழந்தையின் கல்வி உண்மையில் தொடங்கும் நாள்கள். அரசுப் பள்ளிகளில் நெடுங்காலம் பணியாற்றி யாம் கண்டறிந்த உண்மை இது.

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், பெரியோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தனர். அண்ணல் அம்பேத்கரைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். ஆதலின், அண்ணல் தம் ஆசான்கள் மூவருள் ஒருவராகப் போற்றிய மகாத்மா ஜோதிராவ் பூலேயின் வாழ்க்கைத் துணைவியார் சாவித்திரிபாய் அம்மையாரின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். இந்தியப் பெண் ஆசிரியர்களின் முன்னோடி அவர் என்பதைப் பலரும் அறிவர். அவர் ஒரு கவிஞர் என்பதையும், அவர்தம் பள்ளியில் பயின்ற சிறுமி ஒருத்தி எழுதிய கட்டுரை நூற்றாண்டுகள் கடந்தும் வாழ்கிறது என்பதையும் அறிந்தோர் சிலரே. அச்சிலரைப் பலராக்குவதே எம் நோக்கம்.

எழுத்தறியாச் சிறுமியின் கையில் ஒரு நூல்

மராட்டிய மாநிலம் சாத்தாரா மாவட்டத்தில் நாய்காவ் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் கண்டோஜி நெவ்சே பாட்டீல், இலட்சுமி என்போர்க்கு 1831 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3 ஆம் நாள் மகளாகப் பிறந்தவர் சாவித்திரிபாய். மலர்த் தோட்டமும் காய்கறித் தோட்டமும் பயிரிட்டு வாழ்ந்த மாலி என்னும் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். அச்சமூகத்தார் சூத்திரர் எனத் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தனர். பெண் என்பதாலும், சூத்திரர் குலத்தவர் என்பதாலும் கல்வியின் வாயில் அச்சிறுமிக்கு இருமுறை அடைக்கப்பட்டிருந்தது.

அவர் இளமையைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் ஒரு செய்தி கூறுவர். ஒருநாள் அண்டையூராகிய ஷிர்வல் சந்தைக்குச் சென்ற சிறுமிக்கு அங்கிருந்த கிறித்தவப் பாதிரிமார் ஒரு நூலைக் கொடுத்தனர். சிறுமிக்கோ ஓர் எழுத்தும் தெரியாது. படமேனும் பார்க்கலாம் என்று வாங்கிக்கொண்டு வீட்டிற்கு ஓடிவந்தாள். தந்தையோ சினந்து அதைப் பிடுங்கித் தோட்டத்தில் எறிந்துவிட்டார். பெண் பிள்ளைக்கு நூல் எதற்கு என்பது அக்காலத்து எண்ணம். அவர் அப்பால் சென்றதும் சிறுமி அதைத் தேடி எடுத்து மறைத்து வைத்தாள். பின்னாளில் மணமாகிக் கணவர் வீடு சென்றபோது அந்நூலையும் உடன் கொண்டு சென்றாள் என்பர்.

இச்செய்தியை யாம் பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லும்போதெல்லாம் ஒன்றை எண்ணுவதுண்டு. படிக்கத் தெரிந்த பின்னர்தான் நூலின்மேல் ஆசை பிறக்கும் என்று நாம் கருதுகிறோம். அது தவறு. ஆசை முந்தியது, எழுத்துப் பிந்தியது. நூலைத் தொட்டுப் பார்க்கவும், முகர்ந்து பார்க்கவும், படம் பார்க்கவும் குழந்தையை விட்டுவிட்டால் எழுத்து தானே வந்து சேரும்.

மண்ணே பலகை

1840 ஆம் ஆண்டு, தம் ஒன்பதாம் அகவையில், புனே நகரத்து ஜோதிராவுக்கு மனைவியானார் சாவித்திரிபாய். மணமகனுக்கு அகவை பதின்மூன்று. குழந்தை மணம் வழக்கமாயிருந்த காலம் அது. ஜோதிராவின் படிப்பும் இடையில் ஒருமுறை தடைப்பட்டது. பூக்கடைக்காரன் மகனுக்குப் படிப்பெதற்கு என்று ஊரார் தந்தைக்கு ஓதியதால் பள்ளியைவிட்டு நிறுத்தப்பட்டுத் தோட்ட வேலைக்கு அனுப்பப்பட்டார். அண்டை வீட்டாராகிய கஃபார் பெய்க் முன்ஷி என்னும் இசுலாமியப் பெரியவரும், இலிஜிட் என்னும் ஆங்கிலேயரும் தந்தைக்கு எடுத்துரைத்ததனால் மீண்டும் பள்ளி சென்றார். கல்வியை இழந்து பெற்றவர்க்கே அதன் அருமை தெரியும். தாம் பெற்ற கல்வியைத் தம் மனைவிக்கும், தம்மை வளர்த்த சகுணாபாய் அம்மையாருக்கும் தாமே கற்பிக்கத் தொடங்கினார் ஜோதிராவ்.

அவர்கள் கற்ற இடம் வகுப்பறை அன்று, வயல்வெளி. பலகை இல்லை, மண்ணே பலகை. எழுதுகோல் இல்லை, மரக்குச்சியே எழுதுகோல். மாமர நிழலில் இவ்வாறு எழுதிப் பழகினர் என்று அவர் வரலாறு கூறுகிறது. பின்னர் அகமத்நகரிலும் புனேயிலும் கிறித்தவச் சமயத்தொண்டர்கள் நடத்திய ஆசிரியர் பயிற்சியையும் சாவித்திரிபாய் பெற்றார். மண்ணில் எழுதத் தொடங்கிய கை, முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியையின் கை ஆயிற்று.

பள்ளிக்குச் செல்லும் வழி

1848 ஆம் ஆண்டு புனே நகரில் பிடே என்பாரின் மாளிகையில் பூலே இணையர் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். ஆசிரியை சாவித்திரிபாய்க்கு அப்போது அகவை பதினேழு. 1851 ஆம் ஆண்டின் முடிவில் அந்நகரில் பெண்களுக்காக அவர்கள் நடத்திய பள்ளிகள் மூன்று. பயின்ற சிறுமியர் ஏறத்தாழ 150 பேர். அத்துடன் நில்லாது, தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்ட மகர், மாங் முதலிய சமூகங்களின் பிள்ளைகளுக்கெனவும் பள்ளிகள் திறந்தனர். அக்காலத்துப் புனே எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பேசுவாக்களின் ஆட்சி 1818 ஆம் ஆண்டில்தான் வீழ்ந்தது. அது வீழ்ந்து முப்பதாண்டுகளே ஆகியிருந்தன. ஆட்சி போயிற்று, அதன் மனம் போகவில்லை.

பள்ளிக்குச் செல்லும் ஆசிரியைமீது வழியில் நின்றோர் சேற்றையும் சாணத்தையும் வீசினர், வசைமொழி பொழிந்தனர். அவர் திரும்பிப் போகவில்லை. ஒரு மாற்றுப் புடவையைத் தம்முடன் எடுத்துச் சென்றார். பள்ளியை அடைந்ததும் அழுக்குப் புடவையைக் களைந்து தூய புடவையை உடுத்தி வகுப்பிற்குள் நுழைந்தார். மாணவியர் கண்டது தூய்மையான ஆசிரியையை மட்டுமே. தம்மீது விழுந்த சேறு தம் மாணவியரின் மனத்தில் தெறிக்காதவாறு காத்தவர் அவர்.

ஊரார் எதிர்ப்புக்கு அஞ்சிய மாமனார் கோவிந்தராவ், 1849 ஆம் ஆண்டில், பள்ளிப் பணியை விடுக அல்லது வீட்டை விடுக என்றார். இணையர் வீட்டை விட்டனர். உசுமான் சேக் என்னும் இசுலாமிய நண்பர் அவர்களுக்குத் தம் இல்லத்தில் இடமளித்தார். அவ்வில்லத்துப் பாத்திமா சேக் அம்மையார் சாவித்திரிபாயின் பணியில் தோழியாக நின்றார்.

பிறந்த வீட்டிலும் எதிர்ப்பு இருந்தது. 1856 ஆம் ஆண்டு உடல்நலம் குன்றி நாய்காவில் தங்கியிருந்தபோது அவர் தம் கணவருக்கு எழுதிய கடிதம் ஒன்று கிடைத்துள்ளது. மகர், மாங் மக்களுக்காக உழைத்துக் குலத்திற்கு இழுக்குத் தேடுகிறீர்கள் என்று உடன்பிறந்த தம்பி குறை கூறியதையும், தாம் அளித்த விடையையும் அதில் விரிவாக எழுதியுள்ளார். ஆட்டையும் பசுவையும் கொஞ்சுகிறாய். நாக பஞ்சமியன்று நச்சுப் பாம்பிற்கும் பால் வார்க்கிறாய். மனிதராகிய அவர்களை மட்டும் தீண்டலாகாது என்பது என்ன நெறி என்று அவர் வினவினாராம். அருகிருந்து கேட்ட தாயார் கண்ணீர் மல்கினார் என்றும் அக்கடிதம் சொல்கிறது. அதில் நாம் காண்பது வெறும் செய்தியன்று. தம்பியின் பேச்சு, தமது விடை, தாயின் முகம் ஆகிய மூன்றையும் கண்முன் நிறுத்தும் ஓர் எழுத்தாளரையே காண்கிறோம்.

விளையாட்டுப் பொருள் வேண்டா, நூலகம் வேண்டும்

பள்ளியைத் திறந்துவிட்டால் பிள்ளைகள் வந்துவிடுவர் என்று பூலே இணையர் எண்ணவில்லை. வறுமையால் இடைநிற்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை அளித்தனர். பெற்றோரை அழைத்துக் கல்வியின் பயனை எடுத்துரைத்தனர். கணக்கு, வரலாறு, புவியியல் ஆகியவற்றோடு மாணவியர் தாமே எழுதவும் வரையவும் சாவித்திரிபாய் ஊக்கமளித்தார்.

இதன் விளைவை இரண்டு செய்திகளால் அறியலாம். பிள்ளைகள் படிப்பிலேயே ஆழ்ந்து கிடக்கிறார்கள் என்று பெற்றோர் சிலர் முறையிட்டனராம். படிக்கவில்லை என்னும் முறையீட்டைப் பல்லாண்டுகள் கேட்டுப் பழகிய எமக்கு இது பெருவியப்பாக இருக்கிறது. மற்றொன்று, பரிசளிப்பு விழாவில் நிகழ்ந்ததாக அவர் வாழ்வை எழுதியோர் கூறுவது. பரிசு பெற மேடைக்கு வந்த சிறுமி ஒருத்தி, எனக்கு விளையாட்டுப் பொருளும் தின்பண்டமும் வேண்டா, எங்கள் பள்ளிக்கு ஒரு நூலகம் வேண்டும் என்னும் பொருள்படக் கேட்டாளாம்.

இளைஞர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். தின்பண்டம் கிட்டாத வீட்டுப் பிள்ளைகள் பயின்ற பள்ளி அது. தின்பண்டத்தைவிட இனிய ஒன்றைச் சுவைத்தாலன்றி ஒரு குழந்தை அவ்வாறு கேட்குமா? படி, படி என்று மிரட்டி வளர்த்த பிள்ளை நூலகம் கேட்காது, விடுமுறை கேட்கும். நூல் இனிக்கும் என்பதைத் தம் ஆசிரியையின் முகத்தில் கண்ட பிள்ளைதான் நூலகம் கேட்கும்.

கவிஞராகிய ஆசிரியை

ஆசிரியையின் முகத்தில் அவ்வின்பம் எங்ஙனம் வந்தது? அவரும் எழுதினார் என்பதே விடை. 1854 ஆம் ஆண்டில் ‘காவ்ய பூலே’ என்னும் கவிதைத் தொகுதியை அவர் வெளியிட்டார். அகவை இருபத்துமூன்று, எழுத்தறிந்து பதினைந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. மராத்தி மொழியின் புதுக்காலப் பெண் கவிஞர்களுள் முன்னவர் என்னும் இடத்தை அத்தொகுதி அவருக்கு ஈட்டித் தந்தது.

அத்தொகுதியில் கல்வியை வலியுறுத்தும் பாடல்கள் உண்டு. சாதிக் கொடுமையைச் சாடும் பாடல்கள் உண்டு. குழந்தைகளோடு உரையாடும் பாடலும் உண்டு. அவற்றோடு மஞ்சள் நிறச் செண்பகத்தையும், மல்லிகை இனத்து மலரையும், பூமொட்டை நாடிவரும் வண்ணத்துப்பூச்சியையும் பற்றிய பாடல்களும் உள்ளன. நாள்தோறும் சேறு பூசப்பட்ட ஒருவர் செண்பகத்தைப் பாடியிருக்கிறார் என்பதை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும். ஒடுக்கப்பட்டோர் தம் துயரத்தை மட்டுமே எழுத வேண்டும் என்று எவரேனும் எல்லை கட்டினால் அதுவும் ஒருவகை ஒடுக்குமுறையே. பூவும், பறவையும், நிலவும், மழையும் நமக்கும் உரியவை. மலர்த் தோட்டத்தில் உழைத்த குலத்தில் பிறந்தவர்க்கு மலரைப் பாட உரிமையில்லையா?

தாம் எழுதாத ஆசிரியர் பிறரை எழுத வைத்தல் அரிது. நீந்தத் தெரியாதவர் கரையில் நின்று நீச்சல் கற்பிப்பது போன்றது அது. சாவித்திரிபாய் நீரில் இறங்கியவர்.

முக்தாவின் கட்டுரை

அவர் கவிதைத் தொகுதி வெளிவந்த மறு ஆண்டு, 1855 இல், ‘ஞானோதயா’ என்னும் மராத்தி இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அமெரிக்கக் கிறித்தவச் சமயத்தொண்டர்கள் நடத்திய இதழ் அது. மகர், மாங் மக்களின் துயரத்தைப் பற்றியது கட்டுரை. எழுதியவர் முக்தா சால்வே. மாங் சமூகத்தைச் சேர்ந்த சிறுமி. அகவை ஏறத்தாழப் பதினான்கு. பூலே இணையரின் பள்ளியில் மூன்றாண்டுகள் பயின்றவர்.

அக்கட்டுரையின் கருத்துகளை எம் சொற்களில் சுருக்கித் தருகிறோம். வேதங்கள் பிராமணர்க்கே உரியவை என்றும், பிறர் அவற்றைக் காணவும் கூடாது என்றும் சொல்கிறார்கள். அவ்வாறாயின் அந்நூலைக் காணவும் உரிமையற்ற எங்களுக்கு மதம் என்று ஒன்று இல்லை என்றுதானே பொருள் என்று அச்சிறுமி வாதிடுகிறாள். பேசுவாக்களின் காலத்தில் மாளிகைகளுக்கு அடித்தளம் இடும்போது தம் மக்களைக் குழியில் இட்டுப் புதைத்த கொடுமையை எடுத்துரைக்கிறாள். உடற்பயிற்சிக் கூடத்தின் முன் நடந்து சென்ற குற்றத்திற்காகத் தலையை வெட்டிப் பந்தாடிய கொடுமையைச் சொல்கிறாள். கூரையற்ற வெளியில் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெற்ற தாய்மாரின் துன்பத்தைச் சொல்கிறாள். அத்தோடு நிறுத்தாமல், ஒடுக்கப்பட்டோர்க்குள்ளேயே ஒரு சாதி மற்றொரு சாதியைத் தாழ்வாகக் கருதும் குறையையும் மறைக்காமல் சுட்டுகிறாள். முடிவில் தம் மக்களைப் பார்த்து, நீங்கள் நோயுற்றிருக்கிறீர்கள். அறிவு என்னும் மருந்தே உங்களைக் குணப்படுத்தும் என்று அறிவுறுத்துகிறாள்.

மூன்றாண்டுக் கல்வி! அதற்குமுன் அக்குலத்தில் எழுத்தறிந்த பெண் ஒருத்தி இருந்திருப்பாளோ என்பதே ஐயம். அத்தகைய சிறுமி நெட்டுருச் செய்த சொற்களால் அக்கட்டுரையை எழுதியிருக்க இயலாது. எந்தப் பாடநூலிலும் அச்செய்திகள் இல்லை. அவை அவள் வீட்டுத் திண்ணையில் கேட்டவை. பாட்டியும் தாயும் பெருமூச்சோடு சொன்னவை. பள்ளி அவளுக்குக் கொடுத்தது எழுத்தை. வீடு கொடுத்தது பொருளை. இரண்டையும் சேர்க்கும் துணிவைக் கொடுத்தவர்கள் ஆசிரியர்கள்.

முக்தாவின் எழுத்துகளில் இந்த ஒரு கட்டுரையே நமக்கு எஞ்சியிருக்கிறது. ஆயினும் இந்தியாவில் ஒடுக்கப்பட்டோர் இலக்கியம் பற்றிப் பேசுவோர் இன்றும் அதைத் தொடக்க எழுத்துகளுள் ஒன்றாக வைத்துப் போற்றுகின்றனர். பேசுவாக்களின் புகழ் பாடிய ஏடுகள் எத்தனையோ. அம்மாளிகைகளின் அடித்தளத்தில் கிடந்தவர் யார் என்பதைச் சொன்னது பதினான்கு அகவைச் சிறுமியின் கட்டுரை.

எம் சிவப்பு மை

இவ்விடத்தில் எம் பணிவாழ்வின் பிழை ஒன்றை இம்மலரில் பதிவு செய்வது கடமை எனக் கருதுகிறோம்.

யாம் ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் எட்டாம் வகுப்பு மாணாக்கர்க்குக் கோடை விடுமுறையைப் பற்றிக் கட்டுரை எழுதப் பணித்தோம். கரும்பலகையில் குறிப்புகளும் எழுதிப் போட்டோம். மாமல்லபுரம் சென்றதாகவும், கடற்கரைக் கோயிலைக் கண்டு களித்ததாகவும் எழுத வேண்டும். வகுப்பில் எவரும் மாமல்லபுரம் கண்டதில்லை. யாமும் அதுவரை கண்டதில்லை. அனைவரும் அவ்வாறே எழுதினர், ஒரு மாணவியைத் தவிர. அவள் பெற்றோருடன் செங்கல் சூளைக்குச் சென்றதை எழுதியிருந்தாள். விடியுமுன் எழுந்து மண் மிதித்தது, அச்சில் கல் அறுத்தது, வேப்பமரத்துத் தூளியில் தம்பி உறங்கியது, ஈரக் கல்லின்மேல் மழை பெய்து கரைந்துபோன நாளில் தந்தை ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எழுதியிருந்தாள். எழுத்துப் பிழைகள் மிகுதி. யாம் பிழைகளை எண்ணினோம், குறுக்கே கோடிட்டோம், தலைப்புக்குப் பொருந்தவில்லை எனச் சிவப்பு மையால் எழுதினோம், மாமல்லபுரக் கட்டுரையை மும்முறை எழுதிவரச் சொன்னோம். அவள் எழுதி வந்தாள். பிழையே இல்லை. அதன்பின் அவள் தன் சொல்லால் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த கோடை விடுமுறைக்குப் பின் பள்ளிக்கும் வரவில்லை.

அவளும் நம் தெருப் பிள்ளைதான். யாமும் அத்தகைய தெருவிலிருந்து வந்தவர்தாம். ஆயினும் செங்கல் சூளை கட்டுரைக்கு உரிய பொருள் அன்று, மாமல்லபுரமே உரிய பொருள் என எமக்கு எவரோ கற்பித்திருந்தனர். அதையே யாமும் கற்பித்தோம். பல ஆண்டுகளுக்குப் பின் முக்தாவின் கட்டுரையைத் தமிழில் படித்த இரவு, அப்பெண்ணின் நோட்டுப் புத்தகமே எம் கண்முன் நின்றது. எம் கையில் முக்தா ஒருத்தி கிடைத்திருந்தாள். எம்மிடம்தான் சாவித்திரிபாய் இல்லை.

நூலக அலமாரியின் கதையும் இத்தகையதே. நூல் கிழிந்தாலோ தொலைந்தாலோ தணிக்கையின்போது இருப்புப் பதிவேட்டில் குறை காட்டும் என்னும் அச்சத்தால் பல்லாண்டுகள் அதைப் பூட்டியே வைத்திருந்தோம். கறையான் அரித்த நூல்களை எண்ணிச் சரிபார்த்துக் கையொப்பமும் இட்டோம். கறையான் தின்னலாம், பிள்ளை தொடலாகாது என்பது எத்தகைய நெறி! தலைமையாசிரியர் பொறுப்பை ஏற்றபின் செய்த முதல் வேலை அந்தப் பூட்டைக் கழற்றியதே. இன்று சில நூல்கள் கிழிந்துள்ளன. சில திரும்பி வரவில்லை. ஆயினும் எம் மனம் அமைதியுற்றிருக்கிறது. கிழிந்த நூல் படிக்கப்பட்ட நூல்.

இறுதி மூச்சுவரை

அம்மையாரின் பிற்கால வாழ்வையும் சுருக்கமாகக் காண்போம். 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் நன்கொடைகள் குறைந்து பள்ளிப் பணி பல இடர்களைச் சந்தித்தது. இணையர் தளரவில்லை. கைம்பெண்கள் பெறும் குழந்தைகள் கொல்லப்படுவதைத் தடுக்கத் தம் இல்லத்திலேயே ஒரு காப்பகம் நடத்தினர். அங்குப் பிறந்த குழந்தை ஒன்றையே யசுவந்த் எனப் பெயரிட்டுத் தம் மகனாக வளர்த்து மருத்துவராக்கினர். 1868 ஆம் ஆண்டு தம் வீட்டு நீர்த்தொட்டியைத் தீண்டத்தகாதார் எனப்பட்டோர்க்குத் திறந்துவிட்டனர். 1873 ஆம் ஆண்டு ஜோதிராவ் சத்திய சோதக சமாசத்தை நிறுவியபோது அதில் அம்மையார் பெரும்பங்கு ஆற்றினார்.

1890 ஆம் ஆண்டு நவம்பர் 28 ஆம் நாள் ஜோதிராவ் மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் மண்குடம் ஏந்தி முன்நடக்கும் உரிமை ஆண்மக்களுக்கே உரியது என்பது வழக்கம். அக்குடத்தை அம்மையாரே ஏந்தி நடந்தார். கணவரின் வாழ்வைப் பின்னர்ச் செய்யுளாக எழுதியும் வெளியிட்டார். 1893 இல் சாசுவடு நகரில் கூடிய சத்திய சோதக சமாச மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார்.

1897 ஆம் ஆண்டு புனேயில் கொள்ளை நோய் பரவியது. மருத்துவராகிய மகனும் தாயும் ஊர்ப்புறத்தில் மருத்துவ நிலையம் அமைத்து நோயாளரைக் காத்தனர். முண்ட்வா என்னும் ஊரின் மகர் குடியிருப்பில் ஒரு சிறுவன் நோயுற்றுக் கிடப்பதறிந்த அம்மையார், அவனைத் தம் முதுகில் சுமந்து மருத்துவ நிலையம் சேர்த்தார். சிறுவன் பிழைத்தான். நோய் அம்மையாரைப் பற்றிக்கொண்டது. 1897 மார்ச்சுத் திங்கள் 10 ஆம் நாள், தம் அறுபத்தாறாம் அகவையில் அவர் மறைந்தார். 2014 ஆம் ஆண்டு புனே பல்கலைக்கழகத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. எந்நகரத்தின் தெருவில் அவர்மீது சேறு வீசினார்களோ, அந்நகரத்துப் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நாம் செய்யத்தக்கவை

பெரியோர் வரலாற்றைப் படித்துப் பெருமூச்சு விடுவதால் பயனில்லை. நம் சங்கத்து இளைஞர்கள் இன்றே செய்யத்தக்கவை சில உண்டு.

மாலைப் பாடசாலையில் பாடம் சொல்லிக் கொடுக்கும் இளைஞர்கள், பாடம் முடிந்தபின் கால்மணி நேரம் ஒரு கதை நூலை உரக்கப் படித்துக் காட்டுங்கள். கதை சுவையான இடத்தை அடையும்போது நூலை மூடி அக்குழந்தைகளின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மீதியை அவர்களே தேடிப் படிப்பார்கள். படித்ததிலிருந்து வினா கேட்காதீர்கள். உண்ட பிள்ளையிடம் எத்தனை பருக்கை உண்டாய் என எவரும் கேட்பதில்லை.

குழந்தைகள் எழுதட்டும். பாட்டி சொன்ன கதையை எழுதட்டும். நடவுப் பாட்டை எழுதட்டும். பறை செய்யும் வகையையும் அதன் அடிகளின் பெயரையும் தாத்தாவிடம் கேட்டு எழுதட்டும். குளத்தில் மீன் பிடித்ததை எழுதட்டும். செங்கல் சூளையை எழுதட்டும். முதற்படிப்பில் பிழை திருத்தாதீர்கள். என்ன சொல்லியிருக்கிறது குழந்தை என்று மட்டும் கேளுங்கள். எழுத்துப் பிழையை அடுத்த வாரமும் திருத்தலாம். முறிந்த மனத்தைத் திருத்தல் அரிது.

அவ்வெழுத்துகளைத் தொகுத்துத் திங்கள்தோறும் ஒரு கையெழுத்து ஏடு நடத்துங்கள். அதைச் சங்கக் கட்டடத்தில் அனைவரும் காணும் இடத்தில் வையுங்கள். கூலி வேலை முடித்து வரும் தாயும் தந்தையும் தம் பிள்ளையின் பெயரை அதில் காணட்டும். படிக்கத் தெரியாத பெற்றோர்க்குப் பிள்ளையே படித்துக் காட்டட்டும். அந்த மாலைப் பொழுதைவிடப் பெரிய பரிசளிப்பு விழா வேறில்லை.

நம்மைப் பற்றிப் பிறர் எழுதிய நூல்கள் பல. அவற்றுள் நம்மை இழித்தவை உண்டு, இரங்கியவை உண்டு. இழிவும் வேண்டா, இரக்கமும் வேண்டா. நம் வாழ்வை நாமே எழுதுவோம். அதற்கு முதற்படி, நம் பிள்ளைகள் நூலை அஞ்சாமல் நேசிப்பது. அடுத்த படி, தம் சொல்லை நாணாமல் எழுதுவது. இவ்விரண்டு படிகளையும் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஆசிரியையும் அவர் பள்ளியின் சிறுமி ஒருத்தியும் ஏறிக் காட்டினர்.

சங்கம் பொன்விழாக் காணும் நாளில் வெளியாகும் மலரை நம் தெருப் பிள்ளைகளே எழுதி நிரப்புவார்களாக. அன்று எம்மைப் போன்ற முதியோர் எழுத இடமில்லாமற் போகட்டும். அதுவே யாம் விரும்பும் சிறப்பு.

அன்னை சாவித்திரிபாய் புகழ் ஓங்குக! நம் குழந்தைகளின் எழுத்து வளர்க!